பெரிய ற, சின்ன ர: ஊர்ப் பேச்சும் தமிழ் எழுத்தும்

சேலம் மாவட்டத்து மேச்சேரியிலிருந்து ஜலகண்டாபுரம் வழியாகத் தெற்கே போனால் வருகிற ஊரின் பெயரை எப்படி எழுதுவது? சட்டமன்றத் தொகுதிக்கு எடப்பாடி என்று பெயர். முன்னாள் முதலமைச்சரின் பெயரோடு சேர்ந்து நாடு முழுக்கத் தெரிந்ததும் அந்த வடிவம்தான். ஆனால் இடைப்பாடி என்று அச்சிடும் நாளிதழும் உண்டு. பழைய முறையில் எழுதிப் பழகிய பெரியவர்களும் அப்படியே எழுதுகிறார்கள். வடக்கே மேட்டூரைத் தாண்டினால் கொளத்தூர். புதுக்கோட்டை மாவட்டத்தில் அதே பொருளில் குளத்தூர் இருக்கிறது. குளம் ஒன்றுதான். ஓரிடத்தில் வாய் சொன்னதை எழுதியிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் ஏடு சொன்னதை எழுதியிருக்கிறார்கள்.

இது சேலத்து மக்களின் தனி வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சொல்லின் முதலில் இகரமோ உகரமோ வந்து, அடுத்த அசையில் அகரம், ஆகாரம், ஐகாரம் வந்தால், தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இ என்பது எ ஆகவும் உ என்பது ஒ ஆகவும் ஒலிக்கிறது. இலை எலையாகிறது, நிலம் நெலமாகிறது, குடம் கொடமாகிறது. மேச்சேரி ஆட்டுச் சந்தையில் கிடா என்று யாரும் விலை பேசுவதில்லை, கெடாதான். எழுதும்போது மட்டும் பள்ளிக்கூடம் கற்றுத்தந்த இகரத்துக்கும் உகரத்துக்கும் திரும்பிவிடுகிறோம். அப்படித் திரும்பும்போது சிலர் ஒரு படி அதிகமாகவே போய்விடுகிறார்கள். செலவு என்ற சொல்லில் இருப்பது இயல்பான எகரம். ஆனாலும் ‘செ’ என்பது பேச்சு வழக்காக இருக்கும் என்று சந்தேகப்பட்டு ‘சிலவு’ என்று கணக்கு நோட்டில் எழுதுபவர்கள் ஏராளம். படித்தவர்களும் அவர்களில் உண்டு. அறியாமையால் வந்த பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. விதி ஒன்று இருப்பதை உணர்ந்து, அதைத் தேவையில்லாத இடத்திலும் செலுத்தியதால் வந்தது.

பேச்சு எழுத்தை எப்படி இழுக்கிறது, எழுத்து எங்கே இழுபடாமல் நிற்கிறது என்ற கேள்வியைத் தமிழில் நாம் பெரும்பாலும் பிழைத்திருத்தக் கேள்வியாகவே பார்த்துவிட்டோம். ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பதோடு அது முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு குழந்தை எந்தச் சொல்லில் எந்த எழுத்தை மாற்றிப் போடுகிறது என்று கவனித்தால், அதன் ஊர் தெரியும், சில நேரம் வீட்டுமொழியும் தெரியும்.

முதலில் ஒரு புதிரை எடுத்துக்கொள்வோம். தமிழில் ந, ன என்று இரண்டு எழுத்துகள் உள்ளன. ‘நாய்’ என்பதில் உள்ள ஒலிக்கும் ‘ஆனால்’ என்பதில் உள்ள ஒலிக்கும் இன்று நம்மில் பெரும்பாலோர் வாயில் வேறுபாடு இல்லை. ஆனாலும் ‘னாய்’ என்று எந்தக் குழந்தையும் எழுதுவதில்லை. ண, ன என்ற இரண்டும் பலர் வாயில் மயங்குகின்றன. அங்கே மட்டும் பனி பணியாகிறது, மனம் மணமாகிறது. ஒலி கலப்பது இரண்டு இடத்திலும் நடக்கிறது, பிழை ஒரு இடத்தில்தான் நடக்கிறது. காரணம் எளிது. ந எங்கே வரும் என்பதை இடமே சொல்லிவிடும்: சொல்லின் முதலில் வரும், தகரத்துக்கு முன் வரும். ண, ன இரண்டுக்கும் அப்படி இடம் பிரித்துத் தரப்படவில்லை. இரண்டும் உயிர்களுக்கு நடுவே ஒரே இருக்கையில் உட்காரக்கூடியவை. ஆக, ஒலி கலந்துவிட்டாலே எழுத்து குழம்பிவிடும் என்பதில்லை. கலந்த ஒலிகள் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்போதுதான் குழம்புகிறது. பள்ளிப் பாடநூல் ‘மயங்கொலிகள்’ என்று தனித் தலைப்பு போட்டுக் கற்பிக்கும் ண–ன, ல–ள–ழ, ர–ற எல்லாம் இந்த வகைதான்.

இந்த எழுத்துகளைக் குழந்தைகள் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். மூணு சுழி ண, ரெண்டு சுழி ன. பெரிய ற, சின்ன ர. பழத்துக்கு வர்ற ழ. க என்ற எழுத்தை அடையாளம் காட்ட யாரும் இப்படி உருவத்தைச் சொல்வதில்லை. சொன்னாலே காதுக்குத் தெரிகிறது. காது பிரித்தறிய முடியாத எழுத்துகளுக்குத்தான் கண் உதவிக்கு வருகிறது. ஒரு மொழியில் இரண்டு ஒலிகள் கலந்துவிட்டன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இதே சாட்சி ஸ்பானிய மொழியிலும் இருக்கிறது. அந்த மொழியில் பகரத்துக்கு இரண்டு எழுத்துகள் உண்டு. ஒன்று லத்தீன் ப வழி வந்தது, மற்றொன்று வ வழி வந்தது. இரண்டும் ஒன்றாகக் கலந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. லத்தீன் அமெரிக்கப் பள்ளிகளில் அவற்றைப் ‘பெரிய பே’, ‘சின்ன பே’ என்கிறார்கள். மெக்சிகோவில் ‘கழுதைக்கு வருவது’, ‘பசுவுக்கு வருவது’ என்றும் சொல்லிப் பிரிக்கிறார்கள். இரண்டு மொழிக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் மேச்சேரிக் குழந்தையும் மெக்சிகோக் குழந்தையும் ஒரே சிக்கலுக்கு ஒரே தீர்வைக் கண்டிருக்கிறார்கள்.

ஸ்பானியத்தில் இன்னொரு படிப்பினையும் உண்டு. வீட்டைக் குறிக்கும் ‘காசா’ என்ற சொல்லும் வேட்டையைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் வேறு வேறு. ஸ்பெயினின் வடக்கிலும் நடுவிலும் இரண்டையும் வேறுபடுத்தியே ஒலிக்கிறார்கள். தெற்கில் அந்தலூசியாவின் பல பகுதிகளிலும் லத்தீன் அமெரிக்கா முழுவதிலும் இரண்டும் ஒன்றே. எனவே அந்த எழுத்தில் புர்கோஸ் நகரத்துக் குழந்தை தடுமாறுவதில்லை, லிமா நகரத்துக் குழந்தை தடுமாறுகிறது. எழுத்துமுறை எல்லோருக்கும் பொது. அதைக் கற்கும் உழைப்பு எல்லோருக்கும் சமம் அல்ல.

தமிழிலும் அப்படித்தான். ரகரத்தையும் றகரத்தையும் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சு இன்றும் தனித்தனியே வைத்திருக்கிறது. மலையாளத்திலும் இந்த வேறுபாடு உயிரோடு உள்ளது. நாகர்கோவில் பக்கத்துக் குழந்தைக்குக் கரை வேறு, கறை வேறு என்பதை அதன் காதே சொல்லிவிடும். சேலம், நாமக்கல் சமவெளியில் பெரும்பாலான வீடுகளில் அரையும் அறையும், இரையும் இறையும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. கருப்பு, கறுப்பு என்ற தீராத வழக்கும் இதிலிருந்து பிறந்ததுதான். நிறத்துக்குக் கறுப்பு என்பதே அகராதி வழக்கு. கருப்பு என்றால் பஞ்சம் என்றும் அகராதி சொல்லும். ஆனால் கருமை என்ற சொல்லில் இருப்பது சின்ன ர. எங்கள் பக்கத்துக் காவல் தெய்வமான கருப்பனாரையும் சின்ன ர போட்டுத்தான் கோயில் சுவரில் எழுதுகிறார்கள். இலங்கையில் நிறத்துக்குக் கறுப்பு என்றே அச்சிடுகிறார்கள். தமிழ்நாட்டில் கருப்பு பரவிவிட்டது. காது தீர்ப்புச் சொல்ல முடியாதபோது பழக்கம் தீர்ப்புச் சொல்கிறது.

ழகரத்தின் கதை இதைவிட விரிவானது. அது எந்த ஊரில் எப்படி ஒலித்தது என்பதற்கு 1856இல் வந்த ராபர்ட் கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணமே சான்று தருகிறது. தென் மாவட்டங்களில் மக்கள் அதை ளகரமாகச் சொல்வதையும், சென்னைப் பக்கம் அது யகரமாகத் தேய்ந்துவிட்டதையும் அவர் அன்றே குறித்துவைத்தார். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்தவர் அவர்; தெற்கத்திப் பேச்சு அவர் நாள்தோறும் கேட்டது. வாளப்பளம், வாயப்பயம் என்று திரைப்படங்கள் கேலிக்கு எடுத்துக்கொள்ளும் வேறுபாட்டுக்குக் குறைந்தது நூற்றறுபது ஆண்டுப் பழமை இருக்கிறது. சென்னைப் பேச்சில் ‘இழுத்து’ என்பது ‘இஸ்து’ ஆவதும் இந்த வரிசையில்தான் சேரும்.

மேச்சேரியில் ழகரத்தோடு இன்னொரு மொழியும் வந்து கலக்கிறது. காவிரிக் கரையோரம் கர்நாடகம் தொலைவில் இல்லை. இங்கே தலைமுறை தலைமுறையாகக் கன்னடம் பேசும் வீடுகளும் தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டு. கன்னடத்திலும் ஒரு காலத்தில் ழகரம் இருந்தது, பெரிய றகரமும் இருந்தது. பேச்சில் ழ மறைந்து ளகரத்தோடும் சில இடங்களில் ரகரத்தோடும் கலந்தது. 13ஆம் நூற்றாண்டில் கேசிராசர் ‘சப்தமணிதர்ப்பணம்’ என்ற கன்னட இலக்கணத்தை எழுதியபோது, எந்தச் சொல்லில் ழ வரும் என்று பட்டியல் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஒலி காதில் இருக்கும்வரை பட்டியல் தேவைப்படுவதில்லை. பட்டியல் வந்துவிட்டது என்றாலே ஒலி போய்விட்டது என்று பொருள். பிறகு கன்னடம் அந்த எழுத்தையே கைவிட்டது. இன்று கன்னட எழுத்தில் கோழி ‘கோளி’, மழை ‘மளெ’, ஏழு ‘ஏளு’.

மேச்சேரி வகுப்பறையில் ‘கோளி’ என்று எழுதும் குழந்தைகள் இருவகைப்படலாம். ஒரு குழந்தை தமிழ்ப் பேச்சில் தேய்ந்த ழகரத்தை எழுதியிருக்கும். இன்னொன்று வீட்டில் பேசும் கன்னடத்துக்கு மிகச் சரியான எழுத்தை, தமிழ் எழுத்தில் போட்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே சிவப்புச் சுழிதான் கிடைக்கிறது. எனக்கு இது வருத்தம் தருகிறது.

கன்னடம் போன வழியிலேயே தமிழும் போயிருக்கலாமே, ஒலிக்காத எழுத்தை ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பதில் சொல்லும் முன் நம் முன்னோர் எழுதியதைப் பார்க்க வேண்டும். அவர்கள் பேச்சை எழுத்தில் விடவே மாட்டேன் என்று கதவடைத்தவர்கள் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் வெட்டுவித்த கல்வெட்டில் ‘கொடுத்த’ என்று இல்லை. ‘குடுத்த’ என்றே இருக்கிறது. இன்று ஒரு மாணவன் தேர்வில் குடுத்தான் என்று எழுதினால் மதிப்பெண் குறையும். பதினோராம் நூற்றாண்டில் பேரரசனின் ஆணையே அப்படித்தான் கல்லில் ஏறியது. கோயில் கொடைகளைப் பதிவு செய்த கல்வெட்டுகளில் ‘வைச்ச’, ‘அஞ்சு’ போன்ற வடிவங்களும் இயல்பாக வருகின்றன. இலக்கணமும் இதற்கு ஓரளவு இடம் விட்டது. நன்னூல் வழியில் போலி என்று நாம் படிக்கும் மயல்–மையல், மஞ்சு–மைஞ்சு, சாம்பல்–சாம்பர் எல்லாம் ஒரே சொல்லின் இரண்டு ஒலிப்புகளை எழுத்தில் ஏற்றுக்கொண்டதன் அடையாளங்கள். தமிழில் ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இராமன், இலக்கியம், உரோமம் என்று முன்னே ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டோம். பேச்சு செய்த சேர்க்கையை எழுத்து அப்படியே வாங்கிக்கொண்டது. ஸ்பானியமும் இதையே செய்தது. லத்தீனின் ‘ஸ்கோலா’ அங்கே ‘எஸ்குவேலா’ ஆனது, எழுத்திலும் அந்த எகரம் உட்கார்ந்துவிட்டது. நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் இஸ்கூலுக்கு மட்டும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அப்படியானால் ஒலிக்கிறபடி எழுதுவதுதான் நியாயமா? ஒலிப்படி எழுதினால் தமிழ் என்னவாகும் என்பதற்கு ஒரு சோதனை ஏற்கெனவே நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் போதிய அளவு நாம் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ்நாட்டாரும் ஈழத்தாரும் எழுதும் முறையைச் சொல்கிறேன். இங்கே டாக்டர், அங்கே டொக்டர். இங்கே காலனி, அங்கே கொலனி. இங்கே டீச்சர், டிவி. அங்கே ரீச்சர், ரீவி. இங்கே இன்டர்நெட், அங்கே இன்ரர்நெற். நாம் டொரண்டோ என்று எழுதும் கனடா நகரத்தை அங்கு வாழும் ஈழத்தமிழர் நெடுங்காலமாக ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். முதன்முதலாகப் பார்க்கும் தமிழ்நாட்டு வாசகர் இதைப் பிழை என்றே நினைப்பார். பிழை எதுவும் இல்லை. காது வேறு, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துப் பேச்சில் காற்று, சேற்று போன்ற சொற்களில் இரட்டை றகரம் நுனிநாக்கு பல்முரசைத் தொட்டு அழுத்தமாகப் பிறக்கிறது. பழைய தமிழின் ஒலிப்புக்கு அது நெருக்கமானது. ஆங்கிலத்தின் ட ஒலியும் ஏறக்குறைய அங்கேதான் பிறக்கிறது. அதனால் ஈழத்தமிழர் காதுக்கு அது றகரத்தின் இனமாகக் கேட்கிறது. சொல்லின் முதலில் ர, ஈற்றில் ற் என்று எழுதினார்கள். தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த ஒலி போய், காற்று காத்தாகிவிட்டது. ஆங்கில ட நம் காதில் விழும்போது அதற்குப் பக்கத்தில் இருப்பது நாவளைத்துச் சொல்லும் டகரம்தான். எனவே நாம் ட போட்டோம். இரு சாராரும் தங்கள் காதுக்கு உண்மையாகவே நடந்துகொண்டார்கள். முடிவில் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கத் தடுமாறும் நிலை வந்தது. (யப்பான், யூன் போன்றவை வேறு வகை, கிரந்த எழுத்தை விலக்கும் கொள்கையும் அவற்றில் கலந்திருக்கிறது.)

இதே இருவரும் ‘காற்று’ என்ற சொல்லை எழுதும்போது எந்தத் தடுமாற்றமும் இல்லை. யாழ்ப்பாணத்தார் ஒரு விதமாகச் சொல்வார், மேச்சேரிக்காரர் காத்து என்பார். எழுத்தில் இருவருக்கும் காற்று. பழஞ்சொற்களின் எழுத்துக்கூட்டல் எந்த ஊர்க் காதுக்கும் முழுதாகப் பொருந்தவில்லை. மழையில் ழ சொல்லும் ஊரில் காற்றில் ற சொல்வதில்லை. ற சொல்லும் ஊரில் வேறேதோ தேய்ந்திருக்கிறது. எந்த ஊருக்கும் சொந்தமில்லாததால்தான் அது எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கிறது. ஒலிப்படி எழுதுவோம் என்று ஆரம்பித்தால் யார் ஒலிப்படி என்ற கேள்வி உடனே வரும். சென்னையா, மதுரையா, மட்டக்களப்பா என்ற போட்டியில் மேச்சேரிக்கு ஒருநாளும் இடம் கிடைக்காது.

ஸ்பானிய உலகில் இந்தச் சோதனை நாடளவில் நடந்தது. வெனிசுவேலாவில் பிறந்த அறிஞர் ஆந்த்ரேஸ் பெய்யோ 1823இல் லண்டனிலிருந்து ஓர் எழுத்துச் சீர்திருத்தத்தை முன்வைத்தார். அமெரிக்கக் கண்டத்துக் குழந்தைகள் எளிதில் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஒலிக்காத எழுத்தை விடுவது, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து வைப்பது என்பது வழி. சிலி நாடு 1844 முதல் அவர் வழியைத் தழுவிய முறையில் எழுதியது. அதே ஆண்டில் ஸ்பெயின் அரசு, 1713இல் தொடங்கிய அரச மொழிக் கழகத்தின் எழுத்துமுறையைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. மற்ற நாடுகளும் மெல்ல மெல்லக் கழகத்தின் பக்கமே சேர்ந்தன. சிலி 1927இல் பொது முறைக்கே திரும்பியது. பெய்யோவின் முறையில் தர்க்கக் குறை எதுவும் இல்லை. தனியாக நிற்பதன் செலவுதான் பெரிதாக இருந்தது. 1997இல் மெக்சிகோவின் சாக்கத்தேக்காஸ் நகரில் கூடிய ஸ்பானிய மொழி மாநாட்டில், எழுத்துக்கூட்டலுக்கு ஓய்வு கொடுத்து அனுப்புவோம் என்று எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் பேசியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. எழுத்துக்கூட்டல் ஓய்வு பெறவில்லை.

தமிழில் பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் தொடங்கி, 1978இல் தமிழ்நாடு அரசு ஆணையாக்கிய சீர்திருத்தம் எழுத்தின் உருவத்தைத்தான் தொட்டது. றா, ணா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய கூட்டு வடிவங்கள் போயின. எந்தச் சொல்லில் எந்த எழுத்து என்பதில் அது கைவைக்கவில்லை. அது நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மாறாக, 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. நோக்கத்தில் பிழையில்லை, எக்மோர் என்பதை எழும்பூர் என்று படிக்கும்படி எழுதுவதை யார் மறுப்பார்? ஆனால் வேலூரை ‘வீலூர்’ என்று படிக்கும்படி வந்த பட்டியலைக் கண்டு மக்கள் கேள்வி கேட்டார்கள். சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒலியை எழுத்தாக்குவது மேசையில் உட்கார்ந்து முடிக்கிற வேலை இல்லை என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின. அப்போது முதலமைச்சராக இருந்தவரின் பெயரோடு சேர்ந்த ஊரின் பெயரே தமிழில் இரண்டு விதமாக எழுதப்படுவதுதான்.

ஒலி மாறியும் எழுத்து மாறாமல் இருப்பதில் இன்னொரு ஆதாயம் உண்டு. முயற்சி, வளர்ச்சி என்ற இரண்டு சொற்களை மேச்சேரியில் யார் சொல்லக் கேட்டாலும் நடுவில் ஒரே ஒலிதான் வரும். ஒன்றில் பெரிய ற், ஒற்று மிகாமல் சி. மற்றொன்றில் சின்ன ர், ஒற்று மிகுந்து ச்சி. இது தெரியாமல் முயற்ச்சி, பயிற்ச்சி என்று எழுதுவது இன்று சுவரொட்டிகளிலும் அழைப்பிதழ்களிலும் தனிப்பயிற்சி நிலையங்களின் பலகைகளிலும் கண்ணில் படும் மிகப் பரவலான பிழை. முயர்ச்சி என்று எழுதுபவரும் உண்டு. மனப்பாடம் செய் என்று சொல்வதைத் தவிர இதற்கு வழியில்லை என்று பல ஆசிரியர்கள் எண்ணுகிறார்கள். வழி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முயல் என்பதிலிருந்து முயற்சி, பயில் என்பதிலிருந்து பயிற்சி, சுழல் என்பதிலிருந்து சுழற்சி: லகரம் றகரமாகிறது. வளர் – வளர்ச்சி, உணர் – உணர்ச்சி, தளர் – தளர்ச்சி: ரகரம் அப்படியே நின்று ச் மிகுகிறது. இகழ் – இகழ்ச்சி, நிகழ் – நிகழ்ச்சி என்பவை ழகரத்தின் வரிசை. முயலுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவைக் காதால் கேட்க முடியாது. எழுத்தில்தான் பார்க்க முடியும். எல்லாவற்றையும் ர்ச்சி என்று ஒலிப்படி ஆக்கிவிட்டால் அந்த உறவு அறுந்துபோகும்.

ன்ற, ண்ட, ந்த என்ற கூட்டுகளும் இப்படித்தான் உதவுகின்றன. ரெண்டு சுழிக்குப் பின் ற, மூணு சுழிக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த. தமிழ்ச் சொற்களில் இந்தச் சோடிகள் மாறவே மாறா. ஆனால் பேச்சில் ன்று என்பது ண்ணு ஆகிவிடுகிறது: ஒன்று ஒண்ணு, கன்று கண்ணு. மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணு என்றால் பசுவின் கன்றும்தான், முகத்தில் இருப்பதும்தான். எழுத்தில் இரண்டும் பிரிந்தாக வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரேனும் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் எழும் விவாதத்துக்குச் செலவாகும் நேரத்தில் ஒரு சிறு பகுதியை இதற்குத் தரலாம்.

பேச்சையே எழுத முனைந்த இலக்கியத்துக்கு வேறு விதமான சிக்கல். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது முதல் கொங்குப் பேச்சு அச்சில் இடம்பெறத் தொடங்கியது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு 1982இல் அகராதி தந்தார். நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டைச் சேர்ந்த பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தார். அகராதி சொல்லைக் காப்பாற்றும். ஒலியை எழுத்தில் காப்பாற்றுவது அவ்வளவு எளிதில்லை. கொங்குப் பேச்சின் அடையாளம் ‘ஏனுங்’, ‘சொல்லுங்’ என்று ஙகர மெய்யில் முடிவது. ஙகர மெய்யில் சொல் முடிவதைத் தமிழ் எழுத்து மரபு ஏற்பதில்லை, கண்ணும் ஏற்பதில்லை. எழுத்தாளர்களில் பலர் ‘ஏனுங்க’ என்று ஓர் அகரத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். அச்சில் மரியாதை நிற்கிறது, ஓசை போய்விடுகிறது.

இன்னும் கடினமானது ‘வந்தா’. எங்கள் பேச்சில் வந்தாள் என்பது வந்தா. வந்தால் என்பதும் வந்தா. வந்தான் என்பது மூக்கொலியோடு முடியும் ஒரு வந்தா. பேசும்போது மூன்றாவதை மூக்கொலி காட்டிக்கொடுக்கும். முதல் இரண்டைப் பேச்சின் போக்கு பிரித்துவிடும். தமிழ் எழுத்தில் மூக்கொலி உயிருக்குக் குறியீடு இல்லை. எனவே நாவலாசிரியர் ஆணுக்கு வந்தான் என்று எழுத்து வழக்கையும் பெண்ணுக்கு வந்தா என்று பேச்சு வழக்கையும் ஒரே உரையாடலில் கலந்து எழுத நேர்கிறது. படிப்பவர் தன் ஊர்க் குரலால் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார். வட்டார நாவலை அந்த வட்டாரத்தார் படிக்கும்போது கிடைக்கும் சுகம் வெளியூராருக்கு முழுமையாகக் கிடைக்காததற்கு இது ஒரு காரணம். இதைப் போக்கப் புதுக் குறியீடுகள் வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஒவ்வொரு எழுத்தாளரும் தன் காதுக்கு ஏற்பத் தேடிக்கொள்ளும் வழிகளில் ஓர் உயிர்ப்பு இருக்கிறது; அது இருக்கட்டும்.

வகுப்பறையில் அந்தச் சுதந்திரம் போதாது. அங்கே வேண்டியது ஊருக்கு ஊர் வேறுபட்ட பாடமுறை. தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே மயங்கொலிப் பட்டியலைத் தருகிறோம். ரகர, றகரப் பயிற்சி நாகர்கோவிலுக்கு அவ்வளவு தேவையில்லை, சேலத்துக்கு நிறையத் தேவை. சென்னையில் ழகரத்தை யகரத்திலிருந்து பிரிக்க வேண்டும், மதுரையில் ளகரத்திலிருந்து பிரிக்க வேண்டும். மேச்சேரியில் கன்னட வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியையும் அருகருகே வைத்துச் சொல்லலாம்: வீட்டில் கோளி, ஏளு, மளெ, தமிழில் எழுதும்போது கோழி, ஏழு, மழை. இரண்டும் சரி, இடம்தான் வேறு என்று கேட்கும் குழந்தை தன் வீட்டுப் பேச்சைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை. பிழை திருத்தும்போது காதால் வந்த பிழையை ஒரு நிறத்திலும் கவனக்குறைவால் வந்ததை இன்னொரு நிறத்திலும் குறித்தால், ஒரு பருவத்துக்குள் அந்த வகுப்புக்கென்று ஒரு பட்டியல் ஆசிரியர் கையில் சேர்ந்துவிடும். அதில் அரை–அறை, கரை–கறை, கன்று–கண் இருக்கும். செலவு கட்டாயம் இருக்கும். எடப்பாடி, இடைப்பாடி இரண்டுக்கும் முழு மதிப்பெண் தரலாம்.